ஸ்மால் சைஸ் கணக்கு

என் சித்தப்பாவுக்கு இங்கிலீஷில் மொத்தம் மூன்று எழுத்துதான் தெரியும் என்று சிறுவயதில் நான் நம்பியிருந்தேன். எஸ், எம், எல். திருப்பூரில் அவர் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் அதுவரை முப்பது, முப்பத்திரண்டு என்று எண்தான் போட்டு வந்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் காதர்பேட்டை பனியன் சந்தைக்கு வந்த ஒரு பம்பாய் வியாபாரி, எண் வேண்டாம், எழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பேக்கிங்கில் இருந்த சித்தப்பா அந்த மூன்று எழுத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அம்மா சுடும் தோசை எல் சைஸ். அப்பாவின் கோபம் எம். நான் எஸ்.

அந்த வருடம் நான் எட்டாவது முடித்து ஒன்பதாவது போக வேண்டும். ஒன்பதாவதில் கணக்கு இரண்டாகப் பிரியும். பட்டியலில் நம் பெயருக்கு நேரே ஜி.எம். என்று எழுதியிருந்தால் ஜெனரல் கணக்கு, சி.எம். என்றால் காம்போசிட் கணக்கு. காம்போசிட் படித்தால்தான் காலேஜில் கணக்கை எடுத்துப் படிக்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்திலோ பையன்களுக்கு சி.எம்., பெண்பிள்ளைகளுக்கு ஜி.எம். என்று எங்கும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று இருந்தது. வகுப்பில் கணக்கில் நான்தான் முதல். கணக்கு டீச்சராக வேண்டும் என்று அப்போதே தீர்மானித்து, வீட்டுக் கதவில் சாக்பீஸால் கிறுக்கி அம்மாவிடம் அடியும் வாங்கியிருந்தேன்.

அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தார். பெண்பிள்ளைக்கு அது கஷ்டம், ஜெனரலே போதும் என்று அவர் சொல்லிவிட்டாராம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அப்பா மறுபடி வாய் திறக்க மாட்டார். நான் சாப்பிடாமல் அழுதேன். சித்தப்பா எனக்கு எதிரே உட்கார்ந்து, ரசம், மோர் என்று நிதானமாகச் சாப்பிட்டு எழுந்தார். எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

பனியன் கட்டுகளைச் சுற்றுவதற்குக் கம்பெனியில் பழைய காகிதம் மூட்டை மூட்டையாக வாங்குவார்கள். இரண்டு நாள் கழித்து அந்த மூட்டையிலிருந்து ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துக்கொண்டு சித்தப்பா வந்தார். அமெரிக்கப் பள்ளிக்கூடப் புத்தகம். அட்டையில் எம், ஏ, டி, எச் என்று நான்கு எழுத்து கொட்டை கொட்டையாக அச்சாகியிருந்தது. அதை என் கணக்கு நோட்டின் லேபிளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏங் கண்ணு, உன்ற நோட்டுல கடைசீல எஸ் போட்டிருக்குது. அமெரிக்காக்காரன் போடுலியே?"

அச்சுப்பிழையாக இருக்கும் என்றேன். அவ்வளவு வழவழப்பான அட்டை போடுகிறவன் ஒரு எழுத்தை விட்டுவிடுவானா என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, வேலைக்குப் போட்டுப் போகும் பஞ்சு ஒட்டிய சட்டையோடு, என் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்.

தலைமையாசிரியர் அறையில் நான்கைந்து ஆசிரியர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா புத்தகத்தையும் நோட்டையும் மேஜைமேல் பரப்பினார்.

"ஏனுங்க சார், எங்க புள்ளைக்கு மட்டும் எதுக்குங்க ஸ்மால் சைஸ் கணக்கு? பாருங்க, எஸ் போட்டிருக்குது. அமெரிக்காவுல எஸ்ஸே இல்லீங்க."

அறையே சிரித்தது. கணக்கு வாத்தியாருக்குப் புரையேறிவிட்டது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொறுமையாகவே விளக்கினார். அது ஒரு நீளமான வார்த்தை. இங்கிலீஷ்காரன் அதைச் சுருக்கும்போது கடைசி எஸ்ஸை வைத்துக்கொள்வான், அமெரிக்காக்காரன் அதையும் வெட்டிவிடுவான். நாம் இங்கிலீஷ்காரன் வழி. இதில் சைஸ் எல்லாம் கிடையாது.

சித்தப்பா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பக் கணக்குல சைஸே இல்லீங்ளா?"

"இல்லையப்பா."

"அப்புறம் எதுக்குங்க பசங்களுக்கு ஒண்ணு, பொம்பளப் புள்ளைகளுக்கு ஒண்ணு?"

சிரிப்பு நின்றது. யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது. தலைமையாசிரியரின் முகம் மாறுவதற்குள் சித்தப்பா மறுபடி அசடாகச் சிரித்தார்.

"பெருசையே குடுத்துருங்க சார். இப்பத்திக்கு லூசா இருந்தாலும் வளர வளரச் சரியாப் போயிருமுங்க."

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். தலைமையாசிரியரும் சிரித்துக்கொண்டே பட்டியலை இழுத்து, என் பெயருக்கு நேரே இருந்த ஜி-யை அடித்து சி என்று எழுதினார்.

கிடைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. திரும்பும்போது பத்தடி முன்னால் விறுவிறுவென்று நடந்தேன், இந்த ஆள் யாரோ என்பதுபோல. முட்டாய் வேணுமா கண்ணு என்று பின்னாலிருந்து கேட்டார். நான் திரும்பவே இல்லை. அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் என் பெயர் ஸ்மால் சைஸ்.

கணக்கு படித்து, டீச்சரும் ஆகி, முதல் வருடம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வெள்ளையடிப்பதற்காகப் பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கியபோது, அடியில் ஒரு பழைய நோட்டு கிடந்தது. லேபிளில் சித்தப்பாவின் பெயர். ஒன்பதாம் வகுப்பு. கீழே இங்கிலீஷில், முத்து முத்தான கையெழுத்தில், மேத்ஸ் என்று எஸ்ஸோடு எழுதியிருந்தது. உள்ளே பக்கம் பக்கமாக வடிவியல் தேற்றங்கள், ஓரத்தில் சிவப்பு மையில் 'குட்'. பாதி நோட்டுக்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு தேற்றத்தின் நடுவிலேயே நின்றிருந்தது. தாத்தா இறந்த வருடம் சித்தப்பா பனியன் கம்பெனிக்குப் போனார் என்பது எனக்குத் தெரியும். எதை விட்டுவிட்டுப் போனார் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்முன் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "பாரு, இதும் ஸ்மால் சைஸுதான் கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பு கலக்கப் போய்விட்டார்.

அன்று பத்தடி முன்னால் நடந்த பெண்ணுக்கு, பின்னால் வருகிறவர் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்ட, கணக்கில் கெட்டியான இன்னொரு பிள்ளை என்று தெரியாது. தெரிந்திருந்தால் நின்று, அந்த முட்டாயை வாங்கிக்கொண்டு, கூடவே நடந்திருப்பேன்.