திரேசம்மா அக்காவின் உறைப்பு

செவ்வாய்க்கிழமை காலை, என் மருந்துகளை நாள்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "மாஸ்டர், அம்மா எங்களை விட்டுட்டுப் போட்டா," என்றார் திரேசம்மா அக்காவின் மகள். "ஓம்" என்று சொல்லிவிட்டு, மிச்ச மருந்துகளையும் பிரித்து முடித்தேன்.

மன்னாரில் பிறந்த அக்கா, புலம்பெயர்ந்து வந்த சட்டன் நகரில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தின் திருநாள் சமையலைப் பல ஆண்டுகள் நடத்தியவர். வெங்காயம் உரிக்கப் போன, ஊரில் வாத்தியாராயிருந்த என்னிடம் முதல் நாளே கறியைச் சுவைபார்க்கத் தந்தார்.

"நல்லாயிருக்கு, அக்கா."

"பஸ்சும்தான் நல்லாயிருக்கு. உறைப்பு எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

காரத்தைக் குறிக்கும் அந்தச் சொல் அவரிடம் ஓயாது உழைத்தது. ஓகஸ்ட் வெயில் உறைப்பு. சுவாமியாரின் பிரசங்கத்துக்கு உறைப்புக் காணாது. எத்தனை தரம் சொன்னாலும் தட்டுக் கழுவாதவர்களுக்கு, "உறைக்காது."

அவருக்குக் கொரோனா வந்துபோன பின் ஒருநாள் என்னைத் தனியே அழைத்தார். "நாக்கில ஒண்டும் தெரியேல்லை, மாஸ்டர். உறைப்பும் இல்லை, உப்பும் இல்லை. அறிஞ்சா அகப்பையைப் பறிச்சுப் போடுவினம். வீட்டில சுவரைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது."

அன்றிலிருந்து அவருக்காக நான் சுவைபார்த்தேன்.

"எங்க உறைக்குது? நாக்கிலயோ, தொண்டையிலயோ?"

"காதில, அக்கா."

"ஐயோ, அப்ப தேங்காப்பால் விடுவம்."

ஒரு திருநாளன்று இறைச்சிக் கறி மிகவும் உறைத்தது. அக்கா களைத்திருந்தார், பெரிய சட்டி, பந்திக்கு நேரமாகிவிட்டது. சொல்லத் துணிவின்றி, "உறைப்பு அளவாயிருக்கு" என்றேன். பிள்ளைகள் அழுதார்கள். "அக்காவுக்கு வயசு போட்டுது, இனி வெளியில ஓடர் குடுப்பம்," என்றார் ஒருவர், அவர் காதுபடவே. நான் கழுவுதொட்டியருகே வாய் திறக்காமல் நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவர்களிடம், "என்ர கை தவறிப் போச்சு," என்றார்.

அதன்பின் திருநாள் சமையல் அவரிடம் வரவில்லை. ஞாயிறுகளில் மண்டபத்தில் காய்ச்சும் கஞ்சி மட்டும் மிஞ்சியது.

மன்னிப்புக் கேட்டேன். "என்னில இரக்கப்பட்டோ பொய் சொன்னனீங்கள்? இரக்கம் சட்டிக்கு உதவாது, மாஸ்டர்," என்றார். வேறு எவரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் மகளின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அன்று அந்தக் கறியைச் சாப்பிட்டவர்கள் அறிந்துகொள்ள வேண்டும்: அக்காவின் கை தவறவில்லை. தவறியது என் வாய்.

அந்தத் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு அடுப்படிக்குப் போகவே கூசினேன். அக்கா அகப்பையில் கஞ்சி அள்ளி, சிந்தாமல் மறுகையைக் கீழே ஏந்தியபடி, எல்லாரையும் தாண்டி என்னிடமே வந்தார்.

சென்று வாருங்கள், அக்கா.