நான் தப்பாக எண்ணிய களைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடிப்பட்டம் விதைத்து முடித்திருந்த நேரத்தில், அரூருக்குப் பக்கத்தில் ஒரு ராகிக் காட்டில் நடந்தது இது. இதுவரை என் கணவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவரிடமும் பாதிதான் சொன்னேன்.

நான் வேளாண்மையில் முதுகலை படித்தவள். வகுப்பில் முதல் ஆள். எங்கள் வீட்டுக்கு அரூர் பக்கமே நிலம், கிணறு எல்லாம் உண்டு. பல்கலைக்கழகத்தில் சூழலியலையும் இயற்கைக்குக் கேடில்லாத விவசாயத்தையும் ஆராய்கிற ஒரு ஆய்வகத்தில், களப்பணிக்கு இரண்டு பேரை எடுத்தார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி பொம்மிடிப் பக்கத்துப் பெண். அரசுக் கல்லூரியில் தாவரவியல் படித்தவள், என்னைவிட ஒரு வயது சின்னவள்.

சேர்ந்த அன்றைக்கே பேராசிரியை சொல்லிவிட்டார். "பிஎச்.டி.க்கு ஒரு இடம்தான் இருக்கு. இந்த சீசன் முடியட்டும், உங்க ரெண்டு பேர்ல யாருன்னு பார்க்கலாம்."

அது எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். வீட்டிலும் சொல்லிவிட்டேன். அம்மா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார்.

களைக்கொல்லி அடிக்காமல் ராகியில் களையைக் குறைக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. ஒரு விவசாயியின் காட்டைப் பன்னிரண்டு பாத்திகளாகப் பிரித்திருந்தோம். சிலவற்றில் நடுவே தட்டைப்பயறு, சிலவற்றில் வைக்கோல் மூடாக்கு, சிலவற்றை ஒன்றும் செய்யாமல் அப்படியே விட்டிருந்தோம். பத்து நாளைக்கு ஒருமுறை, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் இருக்கும் கம்பிச் சட்டத்தைப் பாத்தியில் போட்டு, அதற்குள் என்ன களை எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். அவளுக்கு ஆறு பாத்தி, எனக்கு ஆறு பாத்தி.

முதல் நாளே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. செடிகள் முளைத்து இரண்டு இலைதான் விட்டிருந்தன. எல்லாம் எனக்கு ஒரே பச்சையாகத் தெரிந்தது. பேராசிரியையே படங்கள் உள்ள புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பொம்மிடிப் பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "இது தொய்யக்கீரைங்க மேடம். இது சாரணை. இது கோரைங்க, கீழ கெழங்கு இருக்கும் பாருங்க" என்று விரலை வைத்து வைத்துச் சொன்னாள். எதுவும் தப்பவில்லை. பேராசிரியை தன் கழுத்தில் தொங்கிய சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்றி, "இது இனிமே உங்கிட்டயே இருக்கட்டும்" என்று அவளுக்குப் போட்டுவிட்டார்.

அன்று முழுக்க நான் அந்தக் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாமே கண்ணில் பட்டது. அவள் அனுப்பும் மெசேஜுக்கு மேடம் உடனே பதில் போடுவார், எனக்குச் சாயங்காலம் வரும். காட்டுக்காரர்கூட, நான் தனியாகப் போனால், "அந்தப் பாப்பா வரலீங்களா இன்னிக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். அரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளை என் ஸ்கூட்டரில்தான் ஏற்றிக்கொண்டு போவேன். மூன்றாவது வாரம், "வண்டி சரியில்ல, பின்னாடி ஆள் ஏத்த முடியாது" என்று பொய் சொன்னேன். அவள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, மண் ரோட்டில் நடந்து வர ஆரம்பித்தாள். அவள் எழுதிய தாள்களில் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழை இருக்கும். அதையெல்லாம் சிவப்பு மையில் சுழித்து, மேடம் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

ஒருமுறை அவளே கேட்டாள். "அக்கா, ஒரு தடவ ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணிப் பார்க்கலாமாங்க? உங்க பாத்திய நானும், என் பாத்திய நீங்களும்?"

என்னைச் சோதிக்கப் பார்க்கிறாள் என்று தோன்றியது. "எனக்கு எண்ணத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன்.

இத்தனைக்கும் அவள் என்னிடம் பிரியமாகத்தான் இருந்தாள். ஒருநாள் மதியம் புங்க மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இவ்வளவு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"எங்கம்மா கூட களை வெட்டக் கூலிக்குப் போவேன்க்கா. ஆறாவது படிக்கறப்ப இருந்து, லீவு நாள்ல எல்லாம். காலேஜ்ல யாருக்கும் தெரியாது. உங்ககிட்டதான் சொல்றேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. இது மூளை இல்லை, வெறும் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நானும் பத்துப் பன்னிரண்டு வருடம் களை வெட்டியிருந்தால் எனக்கும்தான் தெரிந்திருக்கும். எங்கள் காட்டிலும் களை வெட்ட ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு மோர் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறேனே தவிர, அவர்கள் எதைப் பிடுங்குகிறார்கள் என்று ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை.

பயிருக்கு ஒரு மாதம் ஆனபோது, ஆராய்ச்சியைப் பார்வையிட வெளியிலிருந்து மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். ஜீப்பில் வந்து இறங்கி, வரப்பில் நடந்தபடி கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் அவளே பதில் சொன்னாள். அவர்களில் மூத்தவர் அசந்துபோய், "காஞ்ச செடிய ஒட்டி வெச்சிருக்கற ஹெர்பேரியத்துல உட்கார்ந்து படிச்சா இவ்வளவு வராதும்மா. எங்க கத்துக்கிட்ட?" என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "சின்ன வயசுல இருந்து கூலிக்குக் களை வெட்டப் போயிருக்கா சார், அதான்."

சொன்ன விதம் எனக்குத் தெரியும். வந்தவர்களுக்கு அது பாராட்டாகக்கூடக் கேட்டிருக்கலாம். அவளுக்கு எப்படிக் கேட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்து, "ஆமாங்க சார், எங்கம்மாகூட" என்றாள். குரல் மாறவில்லை. அடுத்த பாத்திக்கு நடந்துவிட்டாள்.

அடுத்தது என் பாத்தி. "எங்கே, நீ எண்ணிக் காட்டும்மா" என்றார் அவர். நான் சட்டத்தைப் போட்டேன். காட்டில் விதையைத் தூவித்தான் விதைத்திருந்தார்கள், வரிசை கிடையாது. நிதானமாக எண்ணி, களை ஏழுதான், மற்றதெல்லாம் ராகி என்று சொன்னேன். "மூடாக்கு நல்லா வேலை செய்யுதே!" என்று அவர் குறித்துக்கொண்டார். மேடம் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அவள் சட்டத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஜீப் கிளம்பி, மண் ரோட்டில் புழுதி அடங்கிய பிறகு, அவள் என் பாத்திக்கு வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இங்க வாங்க."

ராகி என்று நான் விட்டிருந்த ஒரு பயிரின் அடியைப் பிரித்துக் காட்டினாள். தண்டு அடியில் வெளுத்துத் தட்டையாக இருந்தது. பக்கத்திலிருந்த இன்னொன்றைக் காட்டினாள், அது பச்சையாக இருந்தது. "இதான் ராகி. அது புல்லுங்க்கா. பாக்க ராகியாட்டமே இருக்கும். இழுத்துப் பாருங்க, லேசுல வராது."

இழுத்தேன். வரவில்லை. அந்தச் சட்டத்துக்குள் பாதிக்கு மேல் அந்தப் புல்தான். அடுத்த பாத்தியிலும் அப்படியே. மூன்று முறை எண்ணியிருக்கிறேன். மூன்று முறையும் களையைப் பயிர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான் படித்த புத்தகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தனிப் பக்கமாகவே இருந்தது, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அவமானத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது. "நீ அப்பவே பார்த்தேதானே? அவங்க இருக்கறப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

அவள் கைமண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அத்தன பேரு முன்னாடி எப்படிக்கா சொல்றது?"

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவளுக்கு அது உண்மையாகவே முடியாத காரியம். அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் அதைத்தான் சிரித்துக்கொண்டே செய்திருந்தேன்.

போகும்போது, "மேடம்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா அந்தக் கணக்கு அப்படியே ஆராய்ச்சியில போயிடும்" என்று மட்டும் சொன்னாள்.

நான் உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். நான்கு நாள் சொல்லவில்லை. சொன்னால் பிஎச்.டி. போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது, தெரிந்த ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள். அந்த நான்கு நாளும் அவள் பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, தன் ஆறு பாத்தியையும் பார்த்துவிட்டுப் போனாள். என் பக்கம் வரவில்லை. சாப்பாட்டுக்கும் புங்க மரத்தடிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் வந்ததும், கையில் அந்தப் புல்லைப் பிடுங்கிக்கொண்டு போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் தாள்களை வாங்கி ஒவ்வொன்றிலும் குறுக்காகக் கோடு போட்டார். அந்தச் சத்தம் திட்டைவிட மோசமாக இருந்தது. "உன் ஆறு பாத்திக் கணக்கு இந்த வருஷம் போச்சு. இப்ப சொன்னதால, அடுத்த வருஷமாவது மிஞ்சிச்சு" என்றார். அடுத்த பத்து நாளில் அந்தப் புல் கதிர் விட்டது. அப்புறம் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்திருப்பார்கள்.

அன்று மாலை அவளை வண்டியில் ஏறச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது, "அன்னிக்கு அவங்க முன்னாடி சொன்னது தப்பு" என்றேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள். "களை வெட்டுனது நெசந்தான்க்கா. அதுல எனக்கு வெக்கம் இல்ல. ஆனா நான் உங்ககிட்டதான் சொன்னேன், அவங்ககிட்ட சொல்லல."

பொம்மிடி பஸ் வந்தது, ஏறிவிட்டாள். மறுநாளும் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் தன் வீட்டைப் பற்றி அதற்குப் பிறகு என்னிடம் எதுவும் பேசியதில்லை.

பிஎச்.டி. இடம் அவளுக்குத்தான் கிடைத்தது. நான் அந்த சீசன் முடியும்வரை இருந்துவிட்டு, இப்போது அரூரில் ஒரு விவசாயிகள் கூட்டமைப்பில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அவள் ஏதோ கருத்தரங்கில் மேடையில் நிற்கிற படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பார்த்ததும் பழையபடி வயிறு எரிந்தது. வாழ்த்து அனுப்ப அரை நாள் ஆனது. அந்தப் பொறாமை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒருத்தர் என்னை நம்பித் தனியாகச் சொன்னதை நாலு பேர் நடுவில் எடுத்துப்போட, அன்றிலிருந்து என் நாக்கு எழுந்ததில்லை.