சுவரைப் பார்த்த திரை

என் போன் கீழே விழுந்து திரை கறுத்துப்போனது. கணவரின் தங்கை, என் மச்சியின் கலியாணத்தில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்கள் அதற்குள் இருந்தன. முக்காடில்லாமல் சிரித்த அத்தனை பெண்களும் என்னை நம்பித்தான் நின்றார்கள்.

படங்களையாவது எடுத்துக்கொள்ள, பென்ட்ரைவோடு கல்முனை போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் வயரைக் கொளுவியதும் என் போன் அப்படியே அவருடைய பெரிய கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தது. மவுஸை அசைத்தால் போனும் அசைந்தது. எனக்குப் பின்னால் நாலைந்து ஆண்கள் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மச்சியின் செய்தி திரையில் குதித்தது: "கவனம்! கடைக்காரனுகள் படத்தக் களவெடுப்பானுகள்."

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாசித்தார். முகம் சுருங்கியது. திரையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி, அதன் முன்னால் நான் உட்காரக் கதிரையைப் போட்டார்.

"ராத்தா, மவுஸ நீங்களே புடிங்க. படத்த உங்கட பென்ட்ரைவ்ல ஏத்துங்க. நான் வெளிய நிக்கன்."

மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போய், வாசலில் முதுகைக் காட்டி நின்றார்.

படங்களை ஏற்றி முடித்ததும், மவுஸாலேயே ஒவ்வொரு எழுத்தாக அமத்தி மச்சிக்குப் பதில் அனுப்பினேன்: "இவர் ஒரு படத்தையும் பாக்கல்ல. நாமதான் பிழையா நெனச்சிட்டம்."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிலை மூடாமல், திரையை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு எழும்பினேன்.