பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதவன்

லிமகாட்சோ இறந்துபோய் இரண்டு மாதமாகிறது. போலீஸ் பிடித்துவரும் பிள்ளைகளின் மனநிலையைச் சோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவது அவள் வேலை. எங்கள் மலைநாட்டுக் குத்திங் நகரில் அதற்கு அவள் ஒருத்திதான். பதினேழு வருடம். தட்டச்சு செய்து கொடுப்பவன் நான்.

ஒரு டிசம்பரில், ஆடு திருடியதாக மொயெகெட்சி என்ற பதினாறு வயதுப் பையன் வந்தான். மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் சுவரையே பார்த்தான்.

"ஆறு மாசமா ஊர்ல இல்லைன்னு போலீஸ் எழுதியிருக்கு. எங்கே இருந்தே?"

அதற்கும் சுவரைத்தான் பார்த்தான். அன்றைக்கு அவள் சோதித்த ஒன்பதாவது பிள்ளை அவன். 'தன் பெயரையே அறியவில்லை. மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாம்' என்று எழுதினாள். காலையில் நீதிபதி கையெழுத்திட்டால் அவனைப் பூட்டிய வார்டில் போட்டுவிடுவார்கள்.

மாலையில், பிடிபட்ட பிள்ளைகளை வைத்திருக்கும் காப்பகத்தின் காவலர் மொக்கேலே களித் தட்டோடு எட்டிப் பார்த்தார்.

"யாரைக் கத்திக் கத்திக் கூப்பிட்டீங்க, ம்மே? அந்தப் பேர்ல இங்க ஆளே இல்லையே."

"போலீஸ் தாள்ல அப்படித்தானே இருக்கு, ந்தாத்தே?" எங்கள் பேச்சில் ம்மே என்றால் அம்மா; ந்தாத்தே என்றால் ஐயா, வளர்ந்த ஆண்களைக் கூப்பிடுவது.

"அது சின்னப் பிள்ளையில வெச்சது. ஆறு மாசம் மலைல இருந்து சடங்கு முடிச்சு, ஆம்பளையா இறங்கி மூணு வாரம்தான் ஆகுது. இப்போ புதுப் பேரு. உங்க வீட்டுக்காரரைக் குழந்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க, களியை வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிடுவாரு!"

"என்கிட்ட அவன் சொல்லியிருக்கலாமே?"

"மலைல நடந்ததைப் பொம்பளைகிட்டச் சொல்வாங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க."

லிமகாட்சோ சிரிக்கவில்லை. அவள் வீடு தேவாலய வீடு, அந்தச் சடங்கை ஏற்காத வீடு. அண்ணன் தம்பி யாரும் மலைக்குப் போனதில்லை. ஆனாலும் தெரியாத விஷயமா? சடங்கு முடித்து இறங்குகிறவர்கள் போர்த்தும் போர்வை இல்லாமல், காப்பகச் சட்டையில் பார்த்ததால் தோன்றாமல் போய்விட்டது.

விடிந்ததும் நீதிபதியிடம் போய் நின்றாள். "மாத்தி மாத்தி எழுத இதென்ன பள்ளிக்கூடக் கட்டுரையா, ம்மே?" என்று எரிந்து விழுந்தார். ஆனாலும் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்.

அவன் எதிரில் உட்கார்ந்து, "உங்களை எப்படிக் கூப்பிடணும், ந்தாத்தே?" என்றாள்.

அவன் திரும்பினான். பெயரைச் சொன்னான். மாலைவரை பேசினான். மலையைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருத்துவமனை என்ற வரி அறிக்கையிலிருந்து போயிற்று.

அலுவலகத்தில் மற்றவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். அவளோ பழைய கோப்புகள் இருந்த அலமாரியைத் திறந்தாள். "இவன் ஒருத்தன் தப்பிச்சான். இதுக்கு முன்னாடி எத்தனை பேரை இப்படி எழுதினேனோ," என்றாள். அன்றிலிருந்து வேலை முடிந்த பிறகு கோப்புகளைப் பிரித்து, பிள்ளைகளின் இப்போதைய பெயரைக் கேட்க அவர்களின் தாய்மார்களைத் தேடி ஊர் ஊராகப் போனாள். நான்கு பேரை வார்டிலிருந்து வெளியே கொண்டுவந்தாள்.

அவள் பார்த்து முடிக்காதவை இன்னும் இருபத்துமூன்று கோப்புகள். இப்போது என் மேசையில் இருக்கின்றன. மேலே இருப்பதில் போலீஸ் கொடுத்த ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் அவன் திரும்புவானா, தெரியவில்லை.