வழியோரத்து ஐந்து பனைகள்

சென்ற மாதம் ஊர்ப் பிள்ளைகள் நாலுபேர் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். பனை உழவாரக் குருவி முன்பு எங்கே கூடு கட்டியது என்று கேட்டார்கள். கரவெட்டியில் எங்கள் குடும்பத்துக்கு இருந்த பனை வளவைக் காட்டினேன். அங்கே நான் செய்ததைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. பனையோலையால் வேலி அடைக்கும் காலம் வந்தால் வளவுப் பனைகளில் ஓலை வெட்டுவார்கள். இந்தக் குருவியோ தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில், எச்சிலால் ஒட்டிய கூட்டில் வாழ்வது. ஓலை விழுந்தால் குடும்பமே விழும். சித்தப்பாவுக்கு இது பொறுக்காது. பெரியப்பாவிடம் மன்றாடி, குருவி இருக்கும் ஐந்து மரங்களை மட்டும் வெட்டாமல் விடச் சம்மதம் வாங்கியிருந்தார். எந்த மரங்கள் என்பதை முதல்நாள் மாலை, குருவிகள் அடையும் நேரத்தில் பார்த்து, அடிமரத்தில் சீலைத்துண்டு கட்ட வேண்டும். பொழுது சாய்ந்தால் சித்தப்பாவுக்குக் கண் மங்கிவிடும். அதனால் அது என் வேலை. வரம்பில் மல்லாந்து படுத்து மேலே பார்த்தால் போதும்.

அன்று கோயில் வீதியில் பந்தடி. வெயில் தணியுமுன்பே போய், வழியோரமாக நின்ற ஐந்து பனைகளில் சீலையைக் கட்டிவிட்டு ஓடினேன்.

"வடிவாப் பாத்தனியோ, ராசா?" என்று சித்தப்பா சாப்பிடும்போது கேட்டார்.

"ஓம் சித்தப்பா. சோடி சோடியாய் உள்ளுக்கை போனதுகள்."

சோடியை அழகுக்காகச் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வெட்டிய மூன்றாவது மரத்தின் ஓலையோடு கூடும் வந்து விழுந்தது. இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள், விழுந்த பிறகும் நகத்தால் ஓலையை இறுகப் பிடித்தபடி இருந்தன. சித்தப்பா அந்த ஓலையை அப்படியே தூக்கி, பக்கத்து மரத்தில் ஏற்றிக் கட்டச் செய்தார். தாய்க்குருவி வரவில்லை. அடுத்த நாள் இரண்டும் செத்துக் கிடந்தன.

கூடு விழுந்த அன்றே பெரியப்பா, நான் சீலை கட்டிய மரங்களை ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இதுகளிலை ஒரு குருவியையும் காணேல்லை. குருவியளுக்கு நீ பிழையான விலாசமெல்லோடா குடுத்திருக்கிறாய்!"

வெட்ட வந்தவர்களும் சிரித்தார்கள். நான் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"பெடியன் நான் சொன்ன மரங்களிலைதான் கட்டினவன், அண்ணை. நான்தான் மரத்தை மாறிச் சொல்லிப்போட்டன்."

"இன்னொருக்காப் பிழைச்சுதோ, ஒரு மரமும் மிஞ்சாது. சொல்லிப்போட்டன்."

"ஓம் அண்ணை."

என்னை ஒருவரும் அடிக்கவில்லை, ஏசவில்லை. சித்தப்பா ஏதோ நினைவுத் தடுமாற்றத்தில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று நம்பினேன். அவருக்காகக் கொஞ்சம் இரக்கமும் பட்டேன்.

அடுத்த ஆண்டு ஓலை வெட்டுக்கு முதல்நாள் மாலை, சித்தப்பா என்னைக் கூப்பிடவில்லை. பந்தடிக்கப் போகும் வழியில் கண்டேன்: வரம்பில் அவரே மல்லாந்து படுத்திருந்தார். மடியில் சீலைத்துண்டுகள். கண்கள் மூடியிருந்தன. எந்த மரத்திலிருந்து கீச்சொலி வருகிறதென்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் பாக்கட்டோ, சித்தப்பா?"

"வேண்டாம் ராசா. நீ போய் விளையாடு."

இப்படியொரு நல்ல சித்தப்பா ஊரில் யாருக்குக் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டே ஓடினேன்.