நோஞ்சானாக இருந்த வரை

என் மேசை இழுப்பறையில் ஒரு பித்தளை விசில் கிடக்கிறது. ஆசிரியர் பயிற்சி முடித்து முதல் வேலைக்குப் போகும்போது செஞ்சிக் கடைத்தெருவில் வாங்கியது. அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் என் மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கால்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

சிங்கவரத்துப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பள்ளி. தலைமை ஆசிரியருக்கு மூச்சிரைப்பு. அதனால் விளையாட்டு வகுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஓடாத பிள்ளைக்குப் பாடமும் ஏறாது என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை நம்பினேன், இன்றும் நம்புகிறேன். தினமும் கடைசி மணியில் பிள்ளைகளை வெளியே கூட்டிவந்து, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை ஓரமாகப் புளியமரம் வரை ஓடித் திரும்பச் சொல்வேன்.

அவளைச் சேர்க்க வந்த அன்று அவள் அப்பா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. "இது நோஞ்சான் சார். கொல்ல வேலைக்கு லாயக்கில்ல. மதியானம் சோறு போடுறீங்களாமே, இங்கியே கெடக்கட்டும்." அவளுடைய அண்ணனும் அக்காவும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே பெயரை எழுதினேன். சிரித்திருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் என் அண்ணன்மார் மூவரும் ஏர் பிடித்தவர்கள். சிறு வயதில் எனக்கு மூச்சு இழுப்பு. "இவன் ஏருக்கு ஆகமாட்டான்" என்று நைனா என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். எங்கள் குடும்பத்தில் ஒருவன் எழுத்துப் படித்த கதை அவ்வளவுதான்.

முதலில் அவளால் பாதி தூரம்கூடப் போக முடியவில்லை. நடுவில் குந்திவிடுவாள். "குந்துடி, நல்லா குந்து. புளியமரம் உன்னத் தேடி வரும்" என்று பையன்கள் கத்துவார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் கூடவே ஓடினேன். ஒரு நாள் அவளே திரும்பிச் சொன்னாள்: "நீங்க பின்னால வராதீங்க சார், சிரிப்பு வந்து மூச்சு வாங்குது." மதியச் சோறும் ஓட்டமும் சேர்ந்து அந்தக் குச்சிக் கால்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை பிடித்தது. பொங்கல் கழிந்து மரத்தைத் தொட்டாள். மாசி முடிவதற்குள் பையன்களை முந்தினாள். மரத்தைத் தொட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பாள். வகுப்பிலும் அவள் குரல் எழும்பத் தொடங்கியிருந்தது. தப்பில்லாமல் வாசித்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை, செஞ்சி ஆட்டுச் சந்தையில் அவள் அப்பாவைப் பார்த்தேன். ஒரு ஆட்டின் பின்னங்காலைப் பிடித்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை தாங்காமல் நானே போய்ச் சொன்னேன், பள்ளிக்கூடத்திலேயே உங்கள் பெண்தான் முதலாவதாக ஓடுகிறாள் என்று.

"எங்க நோஞ்சானா சார்?" என்றார்.

"இப்ப நோஞ்சான் இல்லங்க. பசங்களால அவளப் புடிக்க முடியல" என்றேன்.

ஆட்டுக் காலை விடாமலே தலையை ஆட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவர் எனக்குக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, மோர் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார். "தெம்பு வந்துடிச்சின்னு நீங்கதான சார் சொன்னீங்க? கெணறு வத்திப் போயி கெடக்குது. இன்னும் எத்தினி நாளிக்கி அது குந்தித் தின்னும்?" மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். மேலும் இரண்டு முறை போனேன். கடைசி முறை அவர் வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளியே வரவில்லை.

பள்ளியில் சோறு பொங்கும் அம்மா மட்டும் என்னிடம் நேராகக் கேட்டார். "நோஞ்சான்னு நெனச்சிதான சார் வுட்டு வச்சிருந்தான். அத ஏன் சார் அவன்கிட்ட போயி சொன்னீங்க?" எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். என் இழுப்பு பத்து வயதிலேயே நின்றிருந்தால், நானும் ஏருக்குப் பின்னால்தான் போயிருப்பேன்.

மறு வருடம் பள்ளிக்குப் பக்கத்துக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே அவளைப் பார்த்தேன். மற்றவர்களை விட்டு வெகுதூரம் முன்னால் போயிருந்தாள். என்னைக் கண்டதும் களைக்கொட்டோடு வரப்புக்கு ஓடி வந்தாள்.

"சார், இங்கியும் நான்தான் சார் ஃபர்ஸ்ட்டு" என்றாள்.

அவள் கேலியாகச் சொல்லவில்லை. நான் கேட்டால் மகிழ்வேன் என்றுதான் சொன்னாள். நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று ஏதோ கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அன்று விசிலை இழுப்பறையில் போட்டவன், பல மாதங்கள் எடுக்கவில்லை.

இப்போது மீண்டும் ஊதுகிறேன். பிள்ளைகள் ஓடத்தான் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புளியமரப் பக்கம் கூட்டிப் போவதில்லை. பள்ளிக்குப் பின்னால், பாறை மறைவில், கொல்லையில் இருப்பவர்கள் கண்ணில் படாத இடத்தில் ஓடவிடுகிறேன். விசிலையும் மெதுவாகத்தான் ஊதுகிறேன். போன வாரம் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "எம் பொண்ணு எப்பிடி சார் ஓடுது?" என்று கேட்டார். அந்தப் பெண் சிட்டாய்ப் பறக்கிறாள்.

"சுமார்தாங்க" என்றேன். "சீக்கிரம் மூச்சு வாங்கிடுது."