வெளுக்காத சாயம்

வெள்ளைத் துண்டின் ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு. அறுபதுகளின் கடைசியில், பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கொடியில் அது காய்ந்துகொண்டிருந்தது. சித்தி இருமித் துப்பிய ரத்தம் என்று வீடே கிலி பிடித்துக் கிடந்தது.

சித்தப்பா விடிந்தால் தறிக்குழியில் இறங்குவார், பொழுது சாய்ந்தால் ஏறுவார். பிள்ளையில்லாத சித்தி அவர் முதுகைப் பார்த்தே வருஷங்களைக் கழித்தவள். இருமல் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. சித்தப்பா தறியை நிறுத்திவிட்டு அவள் பாயருகே வந்து உட்கார்ந்தார். கஞ்சியை ஆற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் கிட்டே போகக்கூடாது என்று சொல்லியிருந்தும் நான் போவேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தபடி கண்மூடிச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன் இருந்ததே இல்லை.

எனக்கு அப்போது வயது பத்து. வாய்க்கு மட்டும் இருபது. அம்மா இரண்டு தரம் சவுக்காரம் போட்டுத் துவைத்த துண்டைக் கொடியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ரத்தம் காய்ந்தால் கறுக்கும். இது பளிச்சென்று இருந்தது. கொல்லையில் பட்டுக்குச் சாயம் காய்ச்சும் வீட்டுப் பெண்ணுக்கு இது தெரியாதா? எல்லோரும் கூடத்தில் இருந்தபோது பெருமையாகச் சொன்னேன்: “இது ரத்தம் இல்ல சித்தப்பா. நம்ம அரக்குச் சாயம்.”

குட்டு உடைந்தால் சாயம் வெளுத்துவிட்டது என்பார்கள். சித்தி விஷயத்தில், வெளுக்காததால் வெளுத்தது. சித்தப்பா எழுந்துபோய்த் தறிக்குழியில் இறங்கினார். இல்லாத நோயை இருப்பதாகக் காட்டுவதற்கு இப்போது வைத்தியத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம். அன்று தெருவிடம் இருந்தது பொய்க்காரி என்ற ஒரு பெயர்தான். அதன் பிறகு சித்தி இருமவே இல்லை. எப்போது கேட்டாலும், “நல்லாத்தாம்மா இருக்கறேன்” என்பாள். என் கையைப் பிடிப்பதையும் விட்டுவிட்டாள்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மாவிடம் அந்தத் துண்டைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

“தொவைக்கும்போதே தெரியும்டி எனக்கு” என்றாள் அம்மா. “உங்க சித்தப்பா அவ பக்கத்துல குந்திக்கினு இருந்தாரு. இன்னும் நாலு நாள் குந்தட்டுமேன்னுதான் அந்தக் கறை போயிடணும்னு போட்டுத் தேய்ச்சேன்.”

சித்தி போய்ப் பல வருஷமாகிறது. எனக்கு அவள் வேண்டும். பொய்யாகவாவது ஒரு தரம் இருமட்டும். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ரத்தம்தான் சித்தி என்று சொல்லிவிடுவேன்.